பேரிக்கன்றின் வேரில் முடிச்சு

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்காத குடியானவர் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. முடிச்சு மண்ணுக்கு உரம் என்று கிராம சேவகர் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால், சேந்தமங்கலத்தில் எங்கள் நாற்றங்காலில் நின்ற பேரிக்கன்றுகளுக்கு, தண்டும் வேரும் சேருமிடத்தில் சொரசொரவென்று கழலை கண்டபோது என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். கடலைக்குச் செய்வது போலவே அந்தப் பாத்தி மண்ணைக் கூடை கூடையாக அள்ளித் தோட்டம் முழுக்க இறைத்தோம்.

கன்றுகள் வளரவில்லை. மஞ்சளடித்துச் சோம்பி நின்றன. விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் ஒரு கழலையைக் கீறிப் பார்த்தார். இது கடலை முடிச்சு அல்ல, கிருமி. வெட்டுக்காயம் வழியாக ஏறும், மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், சோளம் போடுங்கள், பழக்கன்று மட்டும் இங்கே இனி வேண்டாம் என்றார்.

அந்தக் கன்றுகளை விட்டால் எங்களுக்கு அந்த வருஷம் வேறு பிழைப்பில்லை. கொல்லிமலையில் புதிதாகக் காடு திருத்திய ஒருவர் மொத்தத்தையும் கேட்டிருந்தார்.

“முடிச்சச் சீவியுட்டுக் குடுத்துட்டா ஆருக்குத் தெரியப் போகுது?” என்றார் வீட்டுக்காரர்.

“அவரு காட்டுக்குத் தெரியுமுங்க,” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அது அவருக்குத் தெரியும்.

மலைக்காரர் வந்தார். வேரைக் காட்டினேன். கழலை இல்லாத கன்றுகளைத் தொட்டு, “இதுக நல்லாத்தானே இருக்குதுங்க அம்மிணி, இதுகளையாச்சும் குடுங்க,” என்றார். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவையும் அதே பாத்தியில் நின்றவைதானே.

“தர மாட்டேனுங்க.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மலையேறிப் போனார். அன்றே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கித் தீ வைத்தேன். பச்சைக் குச்சி லேசில் எரிகிறதா? காய்ந்த மிளாறைப் போட்டுப் போட்டு எரித்தேன். புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டு நன்றாக அழுதேன்.

தோட்டத்தில் சோளம் விதைத்தாயிற்று. இனி நாற்று எங்கே விடுவது? அந்த மண்ணும் அங்கிருந்து வடியும் தண்ணீரும் போகாத இடம் எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது. மேட்டில் இருந்த எங்கள் வீட்டு வாசல். சாணி போட்டு மெழுகி மெழுகிக் கல்லாக இறுகியது. கோலமும் பொங்கலும் பந்தலும் அதில்தான். கடப்பாரையைத் தேய்த்துக் கழுவி, நடு வாசலில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

“எளவு உளுந்த ஊடு மாதிரி வாசலக் கொத்தறாளே!” என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். உள்ளே போய் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“நாம உள்ள போக வர ஓரமா ஒரு தடம் மட்டும் உடு சாமி,” என்று சொல்லிவிட்டு, மறுகோடியிலிருந்து கொத்த ஆரம்பித்தார்.