பிளே ஸ்கூலா, பிள்ளை பார்க்கும் அக்காவா?

என் மனைவிக்குச் சங்கராபுரம் தாலுகா ஆபீசில் தட்டச்சர் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதிப் பாசாகி, கவுன்சிலிங் போய் வாங்கிய வேலை. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அதே மூச்சில், "அப்ப புள்ளைய யாரு பாப்பா?" என்றார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது. அப்பா என்று ஒருவன் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவன்; குடியிருப்பதும் அங்கேயே, வாடகை வீட்டில். மகளிர் தினத்துக்கு மேடையேறி அரை மணி நேரம் பேசியவன்.

அம்மாவைக் கேட்டேன். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகிறவள். "நான் இன்னா பென்சன் வாங்கினு குந்திக்கினா கீறேன்? வெட்டு நேரத்துல வந்து புள்ள தூக்கச் சொல்றியே" என்று போனை வைத்துவிட்டாள். மாமியார் வேறு வழி சொன்னார்: "வேலைல ரெண்டு வருசம் கழிச்சு சேந்துக்கினா இன்னா?" அதுவரை அரசாங்கம் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அங்கன்வாடி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆவதற்குள் பூட்டிவிடுவார்கள். சங்கராபுரம் பஸ் வந்து சேர இருட்டிவிடும். இப்படிக் கழித்துக்கட்டியதில் இரண்டு மிஞ்சின. ஒன்று பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பிளே ஸ்கூல். இன்னொன்று, இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா. என் ஓட்டு பிளே ஸ்கூலுக்கு. மனைவியின் ஓட்டு அக்காவுக்கு.

பிளே ஸ்கூலுக்கு நான் மட்டும் போனேன். சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி. வாசலில் ஒரு பெரிய பிளெக்ஸ்: கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் மாட்டிய மூன்று வயதுப் பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள். என் பட்டம் தபாலில் வந்தது. கண் கலங்க அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே பிரின்சிபால் மேடம் கேட்டார். "ஃபாதர் என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.இ., எம்.இ."

"சூப்பர். உங்க ஃபாதர், மதர்?"

"ரெண்டு பேரும் கைநாட்டுங்க."

"ஓ. அப்ப நீங்க ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டா?"

முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கட்டணச் சலுகை பெற்றவன் நான். முதுகை நிமிர்த்தி, ஆமாம் என்றேன். மேடத்தின் முகம் வாடியது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் டாக்டரைப் போல உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்ல இங்கிலீஷ் அட்மாஸ்ஃபியர் இருக்காதே சார். பரவால்ல, நாங்க பாத்துக்கறோம். பன்னண்டரைக்கு முடிஞ்சிரும். அதுக்கு மேல மதர்ஸ் டைம். மதர் வொர்க்கிங்னா… பாவம் சார் குழந்தை." பிறகு, பிள்ளைக்கென்று பெயர் வெட்டிய தனித் தட்டும் தனி டம்ளரும் வாங்கி வரச் சொன்னார். "ஹைஜீன் ரொம்ப முக்கியம்."

ஹைஜீன் என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். அன்றைக்கே பாத்திரக் கடைக்குப் போய்ப் பெயரும் வெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"பன்னண்டரைக்கு மேல யாரு மாமா பாப்பாங்க?" என்றாள் மனைவி. "செவுத்துல கீற ஒட்டகச்சிவிங்கியா?"

"ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"பண்ணு. திங்கக்கெழமைலேர்ந்து நீ லீவு போடு."

அத்துடன் பிளே ஸ்கூல் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலில் போர்டு கிடையாது. குட்டிக் குட்டிச் செருப்புகள்தான் இறைந்து கிடந்தன. என்னென்ன கேட்க வேண்டும் என்று போனில் படித்துத் தயாராகப் போயிருந்தேன்.

"முதலுதவி தெரியுங்களா?"

"வுழுந்தா தூக்குவேன்."

"டிவி எவ்ளோ நேரம் போடுவீங்க?"

"அது ரிப்பேரு சார்."

திருப்தியாகத்தான் இருந்தது. பையிலிருந்து தட்டையும் டம்ளரையும் எடுத்து நீட்டினேன். "பாப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இதுல மட்டும் குடுங்க."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "எடுத்துக்கினு கெளம்புங்க சார். தட்டோட வர்ற புள்ளைய நான் பாக்கறதில்ல."

"இல்லைங்க, கிருமி…"

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. நேரா சொன்னா கேஸ் ஆயிடும்னு கிருமின்றாங்க. முன்னயும் ஒருத்தரு எங்க தெரு இன்னா, ஆளுங்க இன்னான்னு விசாரிச்சுக்கினு வந்து தட்டு குடுத்தாரு. என் கையால புள்ளைக்குப் பீ கழுவணும். என் தட்டுல மட்டும் சோறு போடக்கூடாதா?"

எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பாவுக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. கூரையில் செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருக வேண்டும். அவர் பிள்ளை எம்.இ. படித்து, தன் மகளுக்குப் பெயர் வெட்டிய தனி டம்ளரோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். சட்டையை டக் இன் செய்து போனதில் அந்த அக்கா என்னை மேல்சாதித் தெரு ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த உயர்வு கிடைத்தது, அதுவும் மனைவியின் வேலை பறிபோகிற நேரமாகப் பார்த்து. விடிந்தால் அவள் தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். நானோ பாக்டீரியா என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பிறத்தியார் வீட்டில் அண்ணாந்து குடிப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. யார் வீட்டில் யார் வாய் வைப்பார்கள் என்பதற்கு ஒரு பெரிய கணக்கே இருக்கிறது. மனைவி சொம்பில் வாய் வைத்துக் குடித்தாள். பிள்ளையின் வாயிலும் வைத்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் குடி மாமா" என்றாள். நான் பழக்கத்தில் அண்ணாந்தேன். அவள் பார்த்த பார்வையில் கழுத்து தானாகவே நேராகிவிட்டது.

அக்கா சிரித்துவிட்டார். "எந்தூரும்மா நீங்க?"

மனைவி சொந்த ஊரைச் சொன்னாள். ஊருக்கு வெளியே எங்கள் வீடு இருக்கும் காலனியையும் சேர்த்தே சொன்னாள்.

"அட இன்னா சார் நீங்க? அத மொதல்ல சொல்லக்கூடாதா?"

எங்கேயும் அதை முதலில் சொல்லாமல் இருப்பதற்காகத்தானே நான் இவ்வளவு படித்தது! தட்டையும் டம்ளரையும் பைக்குள் வைத்தேன்.

"காலைல வுட்டுட்டுப் போம்மா. பஸ்ஸு லேட்டானாலும் பயப்படாத, சோறு ஊட்டி வெச்சிருப்பேன்" என்றார் அக்கா. "ஆனா இவரு நடுவுல வந்து கேள்வி கேக்கக்கூடாது."

திங்கட்கிழமை மனைவி வேலையில் சேர்ந்தாள். மத்தியானம் மாமியார் அவளைப் போனில் கூப்பிட்டாராம். பிள்ளை சாப்பிட்டதா, அழுததா என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "பாத்துக்கறவ நம்ம ஆளுங்களா?" அதை நாங்கள் அக்காவிடம் கேட்டிருக்கவே இல்லை.

"நான் ஆபீஸ்ல கீறேன்மா. அப்புறம் பேசறேன்" என்று மனைவி போனை வைத்துவிட்டாளாம்.