மீன் குடல் தின்ற முள்ளங்கி

பிள்ளைகளே, திருவொற்றியூரில் நாம் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் துவைக்கிற கல்லும், அதன் எதிரே இரண்டு பாய் விரிக்கும் அளவு மணலும் இருந்தன. அந்த மணலின் மேல்தான் உங்கள் அம்மா துணிக்கொடி கட்டியிருந்தாள். வாசல் பக்கம் ரயில் பாதை. அங்கே காயப்போட்டால் என்ஜின் கரி வந்து படியும். நீங்கள் அப்போது கைக்குழந்தைகள், நினைவிருக்காது.

ஒரு கார்த்திகையில் மழை விட்டதும், அந்த மணலில் முள்ளங்கி போடப்போகிறேன் என்றேன். கடை முள்ளங்கி உள்ளே சக்கையாக இருக்கிறது என்று அவள்தான் தினமும் குறை சொன்னாள். ஆனால் கொடியை அவிழ்க்க வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"பொங்கலன்னிக்கி சாம்பார்ல உங்க முள்ளங்கி இருக்கணும். இல்லேன்னா அன்னிக்கே கொடி கட்டிடணும். அப்பால இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

விதை முளைத்தது. வெறும் மணலில் என்ன சத்து இருக்கும் என்று எனக்குக் கவலை. மீன் விற்க வரும் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். தினம் ஒரு சட்டி குடலும் செதிலும் கொண்டுவந்து கொடுத்தார். செடியோரம் புதைத்தேன். பூனைகள் தோண்டின. மறுபடி புதைத்தேன். உங்கள் அம்மா தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு துவைத்தாள். வாசலில் காய்ந்த என் சட்டையெல்லாம் கரிப்புள்ளி. நான் வேலை பார்த்த பட்டறையின் மேஸ்திரி, சட்டைக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

இலைகள் முழங்கால் உயரம் வந்தன. மீன்காரம்மா குனிந்து ஒரு செடியின் அடிமண்ணைத் தள்ளிப் பார்த்தார்.

"இன்னா நைனா, கீய ஒண்ணியும் காணோம். கீரையா வச்சிக்கீற?"

எனக்குச் சுருக்கென்றது. மண் ஏழை மண், அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, இன்னொரு சட்டி சேர்த்துக் கேட்டேன்.

பொங்கலன்று அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. முதல் செடியைப் பிடுங்கினேன். எலிவால் போல ஒரு வேர். அடுத்ததும் அப்படித்தான். வரிசை முழுக்கப் பிடுங்கிப் போட்டேன். உங்கள் அம்மா இலைகளை வாரிக்கொண்டு போய், பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கினாள். நன்றாக இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சல். கை கழுவியதும் நானே போய்க் கொடியைக் கட்டினேன்.

தை முடிவதற்குள் ஒரு நாள் சாம்பாரில் முள்ளங்கி வாசம். எங்கே வாங்கினாய் என்றேன். வாங்கவில்லையாம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு விதை தெறித்து விழுந்து முளைத்திருக்கிறது. என் கண்ணிலும் படவில்லை, குடலும் படவில்லை. அவள் முழங்கை நீளத்துக்கு இறங்கியிருந்ததாம்.

அத்தனை நாள் ஊட்டி வளர்த்ததெல்லாம் எலிவால், திரும்பிப் பாராதது முழங்கை. உரம் மிஞ்சினால் எல்லாம் இலைக்கே போய்விடும் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். முன்னாலேயே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கொடியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை போய்விட்டது. கல்லுக்குப் பின்னால் எத்தனை விதை போடலாம் என்று மட்டும் கேட்டேன்.

"நாலு," என்றாள். "மீன்காரம்மா கையில சட்டியப் பார்த்தேன்னா, அதுவும் கெடையாது."