ஊர் பூராவும் ஒரே மயில்

வாசுதேவநல்லூரில் இருக்கிற என் மச்சான் ஒரு காரியத்தையும் தானாக முடிவு செய்யமாட்டார். செருப்பு வாங்கினாலும் கடையிலேயே படம் எடுத்து எனக்கு அனுப்பி, ‘எப்படி?’ என்று கேட்பார். நேற்று சாயங்காலம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அவர்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைட் போர்டு போடப்போகிறார்களாம். அதில் ஓடவிடுவதற்கு எவனோ ஒரு புரோகிராம் விற்கிறானாம். வாங்கலாமா என்று கேட்டிருந்தார்.

திறந்து பார்த்தேன். கறுப்புப் பலகையில் பல்புகளால் ஆன ஒரு மயில். தலையைத் திருப்புகிறது, கழுத்தை நீட்டுகிறது, தோகையை விரிக்கிறது. அதன் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘டெமோ மட்டும், காப்பி அடிக்காதே’ என்று எழுதி ஒரு செல்போன் நம்பர். தோகை முழுதாக விரிந்து அணைகிற நேரத்தில், பலகையின் அடிவரிசையில் ஒரு பல்லி இடமிருந்து வலமாக ஓடியது. அதற்குப் பின்னால் ஒரு தேள்.

எனக்கு வந்ததே பாருங்கள் ஒரு எரிச்சல்! ஏறவேண்டிய பஸ் கண்ணுக்கு முன்னால் கிளம்பிப் போனது. போனால் போகட்டும் என்று நின்றேன். அந்தப் பல்லி என்னுடையது ஐயா.

சிரிக்காதீர்கள். பல்லிக்கு உரிமை கொண்டாடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பஸ் வருகிறவரை கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் வெளியூர் போகிற பிச்சிப்பூ மூட்டைகள் கிடந்தன. அந்த வாசத்தையும் மீறி என் மூக்கில் ஏறியது என்னவோ ஈயம் உருகுகிற வாசம். சால்டரிங் ராடை வயரில் வைத்ததும் ஒரு புகை எழும்புமே, தொண்டையைக் கமறவைக்குமே, அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சட்டை எல்லாவற்றிலும் அந்த வாசம் இருந்தது. கரிவலம்வந்தநல்லூரில் எனக்கு ஆபீஸ். பக்கத்து நாற்காலிக்காரர், ‘என்னவே, ராத்திரி பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போறீரா?’ என்று கேட்பார்.

ஈயம் பூசவில்லை. மயில் செய்துகொண்டிருந்தோம். நானும் கோமதிநாயகமும்.

எங்கள் ஊர் அம்மன் பெயர் கோமதி. தெருவில் நின்று ‘கோமதி’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஆணும் பெண்ணுமாகப் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். நான் சொல்கிற கோமதி என் வயதுக்காரன், கூடப் படித்தவன். வீட்டில் விசைத்தறி ஓடியது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் பக்கத்தில் இருக்கிறவனிடமும் கத்தித்தான் பேசுவான். எங்கள் இரண்டு பேருக்கும் லைட் பைத்தியம். பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு, குண்டு குண்டாகச் சின்ன பல்புகளைச் சொருகி, கம்ப்யூட்டரில் படம் வரைந்து, எந்த பல்பு எப்போது எந்த நிறத்தில் எரியவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற ஃபைலுக்குத்தான் புரோகிராம் என்று பெயர். அதை மெமரி கார்டில் ஏற்றி, கன்ட்ரோலர் என்கிற சின்ன டப்பாவில் சொருகினால் பலகை ஓடும். பல்பை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். புரோகிராமைச் செய்வதுதான் பாடு. மயிலின் உடம்பும் கழுத்தும் நான் வரைந்தது. தோகை விரிப்பது அவன் கைவேலை. ஒவ்வொரு கண்ணாகத் திறக்கவைத்தான் பாருங்கள், எனக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

எங்களைப்போல் கிறுக்கு பிடித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். எல்லோருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குரூப். யார் எதைச் செய்தாலும் அதில் போட்டுவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். துட்டுப் பேச்சே கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடு: செய்தவன் தன் அடையாளமாக அடிவரிசையில் ஒரு பூச்சியை ஓடவிடுவான். அதை அழிக்கக்கூடாது. வேறொருவன் எடுத்து மேற்கொண்டு வேலை செய்தால் தன் பூச்சியைப் பின்னால் விட்டுக்கொள்ளலாம். ‘எடுத்துக்கோ, பூச்சிய மட்டும் அழிக்காத’ என்பதுதான் குரூப்பின் சட்டம். பூச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? எங்கள் கோயில் வாசலில் பாம்பு, தேள், பல்லி எல்லாம் தகட்டில் அடித்து விற்பார்கள். வீட்டில் விஷப்பூச்சி அண்டாமல் இருக்க வாங்கி உண்டியலில் போடுவோம். கோமதி தேளை எடுத்துக்கொண்டான். தேளுக்குக் கொடுக்கு இருக்கிறது, பல்லிக்கு என்ன இருக்கிறது என்று என்னைக் கேலி செய்வான். நான் ஆபீஸ்காரன், சுவரோடு ஒட்டிக்கொண்டு ‘உச்’ கொட்டுகிற ஜாதி. எனக்குப் பல்லி பொருத்தம்தான்.

இனிமேல்தான் கூத்து. ஆடித்தபசு வந்தது. அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற திருவிழா. தெருவுக்குத் தெரு முகப்பில் லைட் போர்டு வைப்பார்கள். எந்தத் தெரு என்ன வைக்கிறது என்பது பரம ரகசியம். கரண்ட் கொடுக்கிற சாயங்காலம் வரைக்கும் சாக்குப் படுதா போட்டு மூடிவைத்திருப்பார்கள், எட்டிப் பார்க்கிறவனை விரட்டுவார்கள். குரூப்பில் மயிலைப் போட்டு சில வாரம்தான் ஆகியிருந்தது. இருப்பதிலேயே அழகானது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஆளுக்கொரு தெருவுக்குக் கமுக்கமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

படுதாவை இறக்கினார்கள். எங்கள் தெருவில் மயில். அடுத்த தெருவில் மயில். அதற்கடுத்த தெருவிலும் மயில்! ஊர் பூராவும் ஒரே மயில். ஒன்றுபோலத் தலையைத் திருப்புகிறது, ஒன்றுபோலத் தோகையை விரிக்கிறது, அடியில் பல்லி ஓடுகிறது, தேள் துரத்துகிறது. கோமதியும் நானும் பூரித்துப்போய் தெருத் தெருவாக நடந்தோம். ஊரே நம் மயிலை வைத்திருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குத்தான். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களை மறித்தார்.

“தம்பி, மயிலு லைட்டு எரியுத தெருவுல திரும்பி மூணாவது வீடுன்னு மாப்பிள்ள இப்பத்தான் போன்ல சொன்னாவ. இங்கன எல்லாத் தெருவுலயும் மயிலால்லா எரியுது! நான் எந்த மயிலுக்குள்ளவே போவ?”

தார் கனத்தில் அவருக்கு வேர்த்து ஊற்றியது. கோமதிதான் தாரை வாங்கிச் சுமந்து வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். திரும்பி வந்தால், திருவிழாவுக்கு வரி கொடுத்தவர்கள் எல்லாம் தெருமுனையில் கூடிவிட்டார்கள். எங்கள் தெருவின் விழாப் பொறுப்பு அரிசிக்கடை அண்ணாச்சிக்கு. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“ஏன்வே, அடுத்த தெருக்காரன் என்னையப் பாத்து அகவுதான்வே, மயிலு மாதிரி! இதுக்கா வரி பிரிச்சோம்?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒரு மயிலைக் காட்டி ஊரை மிரட்ட நினைத்தார், ஊரே மயிலாக வந்து நின்றது. ஆனால் அடுத்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் அவர் கோமதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது.

“ஊருல எவங்கிட்டயும் இல்லாத ஒண்ணு போட்டுக்குடு. சும்மா வேண்டாம், துட்டுத் தாரேன். ஆனா வேற ஒருத்தனுக்கும் அது போவக்கூடாது. பூச்சி கீச்சி ஒண்ணும் ஓடக்கூடாது, பாத்துக்க.”

கோமதி சரி என்றுவிட்டான். அந்தப் புரோகிராமை வேறு யாரும் ஓட்டமுடியாதபடி, எங்கள் தெருவின் ஒரு கன்ட்ரோலருக்கு மட்டும் பொருந்துகிற பூட்டும் போடப்போவதாகச் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏலே, குரூப்புல இருந்து பூ எடுத்த, அலை எடுத்த, தீபம் எடுத்த. அதெல்லாம் உங்க வீட்டுச் சொத்தா? இப்ப நீ மட்டும் பூட்டு போடுவியோ?”

அவன் வழக்கம்போலக் கத்தவில்லை. மெதுவாகப் பேசினான். அதுதான் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

“உனக்கு ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வருது. நீ சும்மா குடுக்கலாம். எங்க தறி நின்னு போச்சு, தெரியும்லா? நான் சும்மா குடுத்துட்டு எதச் சாப்பிட?”

தெரியும். அவர்கள் வீட்டுத் தறிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றியபோது நானும்தான் ஒரு கை பிடித்தேன். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. இன்றைக்கும் இந்த இடத்தில்தான் நான் இடறுகிறேன். அவன் சொன்னது சரி என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷமே, எல்லோரும் இப்படிப் பூட்டியிருந்தால் அவன் எதைப் பார்த்துத் தோகை விரிக்கக் கற்றிருப்பான் என்று தோன்றும். ராத்திரி படுத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளுவேன். என் மனைவி, ‘ரெண்டு பூச்சிக்கு இவ்வளவு ரோசமா?’ என்பாள்.

செய்தி குரூப்புக்குப் போனது. வேறென்ன, ஆளாளுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். ஃபைல் வந்த இடத்தில் டெமோ வீடியோ வந்தது. ‘ஃப்ரீயா?’ என்று கேட்டவனை வைதார்கள். கொஞ்சநாளில் அதுவும் நின்று, காலை வணக்கமும் ரோஜாப்பூவும் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அந்த வருஷத் தபசுக்கு நான் எங்கள் தெருமுனைக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. பொழுது அடைகிற நேரம். கூட்டத்தில் நின்றேன், கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு. தொண்டர்கள், ‘செல்லு எடுக்காதிய! வீடியோ எடுக்கக்கூடாது!’ என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருக்காரன் பார்த்துச் செய்துவிடுவானாம்.

படுதா இறங்கியது. அம்மன் ஒற்றைக்காலில் நின்றாள். முதலில் பாதம் மட்டும் எரிந்தது. பிறகு கணுக்கால், பிறகு கொசுவம், கடைசியில்தான் முகம். இரண்டு பக்கமும் நாகம் எழுந்து படம் விரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அடிவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேள் இல்லை. விற்றே விட்டான், பெயரையும் சேர்த்து விற்றுவிட்டான் என்று நினைத்தபோது படம் முழுக்க அணைந்தது. மறுபடி தொடங்குவதற்கு முன்னால், அந்த இருட்டில், ஒரு பல்லி மட்டும் அடிவரிசையில் ஓடியது. எனக்கு முன்னால் ஒருத்தர் பிள்ளையைத் தோளில் தூக்கிவிட்டார். அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பல்லி வலப்பக்கமாகப் போய் மறைந்தது.

கோமதி பலகைக்குப் பின்னால் வயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேரே போய் நின்றேன்.

“பூச்சி கூடாதுன்னாவளே. எதுக்குலே என் பல்லிய விட்ட?”

“தேளுன்னா நாந்தான்னு அண்ணாச்சிக்குத் தெரியும். பல்லி கோயில்ல இருக்கத்தான செய்யும்?” என்று முதலில் சிரித்தான். அப்புறம், “அம்மன் ஒத்தக்கால்ல நிக்கா. தொணைக்கு ஒண்ணாவது வேண்டாமாலே?” என்றான்.

அதற்குப் பிறகு நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். டீக்கடைக்குப் போய் அதே சண்டையைத் திரும்பவும் போட்டோம், அவ்வளவுதான். திருவிழா முடிவதற்குள் ஒருநாள் இடியும் மழையுமாக வந்து அந்தக் கன்ட்ரோலர் தண்ணீர் இறங்கிச் செத்துப்போனது. மறு வருஷம் அண்ணாச்சி ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தார். கோமதி திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். மயிலை விற்கிறவனுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் போட்டேன். நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் இருந்தேன். ஆள் அநியாயத்துக்கு மரியாதையாகப் பேசினான்.

“சார், கீழ ரெண்டு பூச்சி ஓடுதுல்லா, அது ஃபைல் எங்கிட்ட வரும்போதே இருந்துச்சு சார். வைரஸ் மாதிரி. எடுத்துக் குடுத்துருவேன், அதுக்கு மட்டும் தனி சார்ஜ்.”

“எடுக்காதப்பா. அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

“எடுக்காட்டியும் ரேட்டு கொறையாது சார்.”

மச்சானை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சும்மா கொடுக்கலாம் என்றால் என்னிடம் அந்த ஃபைல் இல்லை. எந்த போனோடு போனதோ, எந்த கார்டோடு போனதோ. வீடியோவை அப்படியே கோமதிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம். அதனால் பழையபடி கத்தித்தான் பேசினான்.

“ஏலே, என் தேளு இன்னும் உன் பல்லியப் புடிக்கலையா!”

“எவனோ விக்கான்லே, நம்ம மயில.”

“விக்கட்டும். நான் அங்கன இருந்தா நானும்தான் வித்திருப்பேன்.”

எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. சண்டை போட வாய் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “மயில விடு. அந்தத் தபசு புரோகிராம் இருக்கா? அதையாவது மச்சான் போர்டுல ஓட்டிப் பாக்கலாம்” என்றேன்.

“அது எப்படிலே ஓடும்? அந்தக் கன்ட்ரோலருக்குப் போட்ட பூட்டுல்லா. அதுதான் மழையோட போச்சே.”

“பூட்டாத காப்பி உன் கம்ப்யூட்டர்ல இருக்கும்லா?”

“அந்தக் கம்ப்யூட்டர வித்துத்தான பஸ்ஸு ஏறுனேன். பூட்டுனது நாந்தான். எனக்கே தொறக்காது மக்கா.”

“கடைசில பல்லி வலப்பக்கமா ஓடுமே, அது நல்லாருந்துச்சு” என்றேன்.

“வலப்பக்கமா? யாரு சொன்னா? அம்மன் காலடிக்குத் திரும்பி வந்து நிக்கும்லே.”

“நான் பாத்தேன். ஓடிப்போச்சு.”

“செஞ்சவன் நானு, நீ எனக்குச் சொல்லுதியா? நிக்கும்!”

ஓடியது என்று நான், நின்றது என்று அவன். அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. போட்டுப் பார்த்து யார் சரி என்று சொல்ல, இந்த ஊரில் எவர் செல்போனிலும் அந்தத் தபசு இல்லை.