தலையணை மேல் வைத்த ஐம்பது ரூபாய்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறையில் மரக்காணத்தில் நடந்தது இது. அந்த வருடம் என் மாமனார் தவறிவிட்டதால் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. வேலூர் வீட்டிலேயே உட்கார்ந்து அக்கம்பக்கத்து வாசல்களில் பொங்கல் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், என் கணவர் இன்னும் உடைந்துபோவார் என்று எனக்குப் பட்டது. ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்குப் பறவை என்றால் பைத்தியம். கழுவேலி ஏரிக்குப் பூநாரைகள் வந்திருப்பதாக அவள் எங்கோ படித்துவிட்டு வந்து நச்சரிக்கவும், சரி, கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன விடுதியில் நான்கு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தோம். கதவுக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் நல்ல தண்ணீரை லாரியில்தான் வாங்குகிறோம், ஆகவே மூன்று நாளைக்கு ஒரு முறைதான் அறையைச் சுத்தம் செய்வோம் என்று அதில் இருந்தது. நியாயமாகத்தான் பட்டது. குடங்களோடு தண்ணீர் லாரிக்கு ஓடி வளர்ந்தவள் நான்.

அந்த நான்கு நாட்களும் நாங்கள் அறையில் இருந்ததைவிடச் சேற்றில் இருந்ததுதான் அதிகம். உப்பளங்களில் அப்போது உப்பு எடுக்க ஆரம்பிக்கவில்லை. மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்திகளின் தரை இறுகுவதற்காக ஆட்கள் வரிசையாக நின்று சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அனுமதி கொடுத்தவுடன் மகளும் இறங்கி மிதித்தாள். பூநாரைகளைப் பார்க்க ஏரிக்கரையில் முழங்கால் அளவு சகதியில் நின்றோம். சாயங்காலம் கடல். இத்தனையையும் காலிலும் துணியிலும் சுமந்துகொண்டு வந்து அறையில் கொட்டினோம். மகள் பொறுக்கிய கிளிஞ்சல்கள் ஒரு வாளி நிறையக் குளியலறையில் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குள் இன்னும் உயிர் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் அது வாசனையில் தெரிந்தது.

அந்த மூன்றாம் நாள்தான் பொங்கல். காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். துடைப்பமும் மாப்பும் வாளியுமாக ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், தோளும் கையும் உரம் ஏறியவை.

பண்டிகை நாளில் இவரை எதற்குக் கஷ்டப்படுத்துவது என்று எனக்குப் பெரிய மனது வந்துவிட்டது. “வேணாம்மா, நாங்க பாத்துக்கறோம். நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயி பொங்கல் வைங்க” என்றேன்.

“பரவால்லீங்க மேடம், இன்னிக்கே செஞ்சிடறேனே” என்றார். திரும்பவும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்று எனக்குக் காபிகூட ருசித்தது.

கிளம்ப வேண்டிய காணும் பொங்கல் காலையில், பெட்டியை அடுக்கும்போது டிப்ஸ் பேச்சு வந்தது. “ஒரு நாள்கூட ரூம் கிளீன் பண்ணலையே, எதுக்கு டிப்ஸு?” என்றார் கணவர். கேட்டதில் தப்பில்லை என்று எனக்கும் பட்டது. இருந்தாலும் எதுவுமே வைக்காமல் போக மனம் வரவில்லை. சுத்தம் செய்யப்போவது ஒரு தடவைதானே என்று ஓர் ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்துத் தலையணை மேல் வைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மகள் தன் பறவை நோட்டை அறையிலேயே விட்டுவிட்டதாக அலறினாள். எடுத்து வர நான் திரும்ப மாடி ஏறினேன்.

அறைக் கதவு திறந்திருந்தது. அதே பெண் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நான் வர முடியாதுடி. நீங்க ஆரம்பிச்சிடுங்க. கடைசி எடத்துல வேற யாரையாச்சும் நிக்க வெச்சுக்கோங்க. இல்ல… ரூம் அந்த மாதிரி கெடக்குது. நாலு மணிக்கு வேற பார்ட்டி வர்றாங்களாம்.”

அவர் தோளுக்கு மேலாக நானும் உள்ளே பார்த்தேன். நான்கு நாளும் அங்கேதான் இருந்தோம், ஆனாலும் அந்த அறையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது. வெள்ளை டைல்ஸில் கருஞ்சேறு காய்ந்து உப்புப் பூத்திருந்தது. கட்டிலுக்கு அடியில், பெட்ஷீட்டில், சோபா இடுக்கில், எங்கும் மணல். குளியலறையிலிருந்து கிளிஞ்சல் வாசனை. இத்தனைக்கும் நடுவே, மணல் அப்பிய தலையணையின் மேல் அந்த ஐம்பது ரூபாய். அவர் பார்ப்பதற்குள் போய் எடுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. எப்போதோ பார்த்திருப்பார்.

என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு, “நோட்டு தானே மேடம், மேசை மேல இருக்குது” என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“எங்கயோ வர முடியாதுன்னு போன்ல சொன்னீங்களே?” என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். விடாமல் கேட்டபிறகு சொன்னார். அவருடைய குப்பத்தில் அன்று மூன்று மணிக்குக் கயிறு இழுக்கும் போட்டி. கல்யாணம் ஆன பெண்கள் ஒரு பக்கம், ஆகாத பெண்கள் ஒரு பக்கம். கயிற்றின் கடைசி ஆள் இவர்தானாம். போன வருடம் சின்னப் பெண்கள் ஜெயித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்தார்களாம். இந்த முறை விடக்கூடாது என்று ஒரு மாதமாகப் பேசி வைத்திருந்தார்களாம். கூட வேலை செய்யும் பெண் பண்டிகைக்கு லீவில் போயிருந்தார். மற்ற அறைகளை எல்லாம் இவர் தனியாகவே முடித்துவிட்டாராம், மிச்சம் எங்கள் அறைதான்.

“பொங்கலன்னிக்கே ஒரு தடவ பெருக்கி உட்டிருந்தா இன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சிருக்கும். அதான் மேடம் அன்னிக்குக் கேட்டேன்” என்றார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதனால்தானோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது.

மாடியிலிருந்தே கணவரையும் மகளையும் மேலே வரச் சொன்னேன். புடவையைத் தூக்கிச் செருகினேன்.

அவர் பதறிவிட்டார். “ஐயோ மேடம், மேனேஜர் பாத்தா என்னிய திட்டுவாரு” என்றார். அவர் பயந்தபடியே, நாங்கள் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். செக் அவுட் ஆன விருந்தாளி கையில் மாப்போடு நிற்பதைக் கண்டு, “ஏதாவது கம்ப்ளைன்ட்டா சார்?” என்று என் கணவரிடம் மிரட்சியோடு கேட்டார். “ஆமாங்க, எங்க மேலதான்” என்றார் கணவர். அந்தப் பெண் மீது ஒரு தப்பும் இல்லை, குப்பை எங்களுடையது, நாங்களே விரும்பித்தான் செய்கிறோம் என்று நான் விளக்கிச் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

இருபது வருடமாக வீடு பெருக்குகிறேன். ஆனாலும் அன்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் துடைப்பத்தை எடுத்ததும் அவர் தடுத்தார். ஈர மணலைப் பெருக்கினால் பரவிக்கொண்டே போகுமாம். முதலில் மின்விசிறியை வேகமாக வைத்துக் காயவிட்டார். டைல்ஸில் பிடித்த சேற்றைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுத்த பிறகே தண்ணீரைத் தொட்டார். மொத்த அறைக்கும் இரண்டு வாளித் தண்ணீருக்கு மேல் அவர் செலவழிக்கவில்லை. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிளிஞ்சல் வாளியைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கணவர் பெட்ஷீட்டை பால்கனியில் உதறினார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல். அத்தனை மணலும் அவர் தலையிலும் முகத்திலும் வந்து அப்பிக்கொண்டது.

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கணவரும் சிரித்தார். மாமனார் போன பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. கையில் தலையணை உறையோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒன்றே முக்கால் மணிக்கு அறை பளிச்சென்று ஆகிவிட்டது. அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். கரையில் படகுகளை ஏற்றி ஓரங்கட்டியிருந்தார்கள். அதற்கு நடுவே மணலில் கோடு போட்டு, மைக் கட்டி, ஊரே கூடியிருந்தது. காரிலிருந்து அவர் இறங்கியதும் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆனால் அங்கே இன்னொரு சிக்கல். அவருடைய நாத்தனாருக்குக் காலையில் கால் சுளுக்கிவிட்டது. ஓர் ஆள் குறைகிறது. அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உடம்பைப் பற்றி மறைக்க ஒன்றும் இல்லை, எங்கள் ஆபீஸில் நான் உட்காரும் நாற்காலியே தனி.

“வர்றீங்களா?” என்றார்.

எதிர் அணிப் பெண்கள் வெளியூர் ஆளைச் சேர்க்கக் கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். மைக் வைத்திருந்த பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊர் முழுவதும் கேட்கும்படி, “இந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆயிருக்குதா? அத்த மட்டும் சொல்லுங்க” என்றார். கூட்டத்திலிருந்து என் கணவர் கையைத் தூக்கி, “ஆயிருக்குங்க, நான்தான் சாட்சி” என்றார். அதன் பிறகு யாரும் ஆட்சேபிக்கவில்லை.

முதல் சுற்றில் மூச்சு விடுவதற்குள் தோற்றோம். நான் முழுப் பலத்தையும் போட்டு இழுத்து, கால் வழுக்கி, முன்னால் இருந்த அம்மாவையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். இரண்டாவது சுற்றுக்கு முன், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்ற அவர், “மேடம்” என்று ஆரம்பித்து, பிறகு “அக்கா” என்றார்.

“அக்கா, நீங்க இழுக்காதீங்க. செருப்ப கழட்டிட்டு, குதிகால மணல்ல பொதச்சுக்கிட்டு, சும்மா பின்னால சாஞ்சுக்கோங்க. உங்க வெயிட்டே போதும்.”

அப்படியே செய்தேன். எதிரே அந்தச் சின்னப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. பின்னாலிருந்து அவர் ஒரு குரல் கொடுத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்னால் வைத்தோம். இன்னொரு குரல், இன்னோர் அடி. அந்தச் சுற்று எங்களுக்கு. மூன்றாவது சுற்று வெகுநேரம் இழுபறியாகவே நின்றது. கை எரிந்தது. என் மகள் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. கடைசியில் அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராகப் பின்னால் சரிந்தோம். கோட்டைத் தாண்டி அந்தப் பெண்கள் எங்கள் பக்கம் வந்து விழுந்தார்கள். யார் கை யார் கால் என்று தெரியாத அந்தக் குவியலில் கிடந்துகொண்டு, நாற்பத்தாறு வயதில், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் பரிசு. எனக்கும் கொடுத்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் மனதில் ஒரு குழப்பம் வந்தது. டிப்ஸ் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்றாகக் கயிறு இழுத்து, அக்கா என்று கூப்பிட்டவருக்குக் காசு நீட்டினால் மனம் நோகுமோ? நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, எதற்கு டிப்ஸ் என்று கேட்ட என் கணவர் பர்ஸை எடுத்தார். தினமும் சுத்தம் செய்திருந்தால் நான்கு நாளைக்கும் என்ன வைத்திருப்போமோ, அதற்கு மேலேயே எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை மடித்து, ஏதேதோ மென்று விழுங்கியபடி அவரிடம் நீட்டினேன்.

அவர் சாதாரணமாக வாங்கிக்கொண்டார். “இதுக்கு ஏங்க்கா கூச்சப்படறீங்க? இது ரூம் வேலைக்கு. கயிறு இழுத்ததுக்குத்தான் கொடம் வாங்கிட்டோமே” என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு இருந்த சங்கடம் எல்லாம் போய்விட்டது. மனதில் இருந்ததை நேராகவே கேட்டேன். தினமும் சுத்தம் செய்யாத இடத்தில் எவ்வளவு வைப்பது, எப்போது வைப்பது என்று.

“தெனம் செஞ்சா பத்து நிமிஷம்க்கா. நாலு நாள் கழிச்சு செஞ்சா, நாலு நாள் வேலையும் அங்கயேதான் கெடக்குது. அது எங்க போவும்?” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “எவ்ளோன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா கதவத் தட்டுனவங்க கையிலயே குடுத்துடுங்க. கடசி நாள் வேற ஆளு வந்துட்டா, செஞ்சவங்களுக்குப் போய்ச் சேராது” என்றார்.

அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அடுத்து சாக்கு ஓட்டமாம். குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். திண்டிவனம் வரைக்கும் காரில் நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி அந்த மூன்றாவது சுற்றைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

இப்போதும் எங்கே தங்கினாலும், சாவியைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் வாசலில் நின்று அறையைத் திரும்பிப் பார்க்கிறேன். எனக்குப் பின் அந்தக் கதவைத் திறக்கப்போகிறவருக்கும், மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டிய ஒரு சந்தோஷம் எங்கோ காத்திருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.