கலியபெருமாள் சார் கெடுத்த ஆய்வு

செய்தி எனக்குத் தப்பும் தவறுமாகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் விழிதியூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கலியபெருமாள் சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பஸ் காரைக்காலுக்குள் நுழையும்போது இன்னொரு போன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்பாடா என்று இறங்கி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கோவில்பத்துக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பு. வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால் எப்படி அனுப்பினார்கள் என்று போன் செய்தவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? நல்லவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், பயிற்சிக்கு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். இப்படி எழுதச் சொன்னால் நான்கு பக்கம் எழுதித் தந்துவிடுவேன். ஆனால் அவருடைய கருமாதியன்று ஒன்றைக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை. அது தெளிந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தால் தெளிவதாகத் தெரியவில்லை. எனவே குழப்பத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் நானும் அவரும் ஒரே சமயத்தில் பயிற்றுநர்களாகச் சேர்ந்தோம். பிறகு இருவருமே பகுதி நேரமாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம், அவர் பிஎச்.டி.க்கு, நான் எம்.ஃபில்.லுக்கு. தொழிலாளர் கல்வியும் கற்பித்தல் தொழில்நுட்பமும் என்பது பாடத்தின் பெயர். சொந்தக்காரர்களிடம் சொன்னால் வாய் பிளப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் சாருடைய பங்காளி ஒருவர் ஏறி, அது என்னப்பா படிப்பு என்று விசாரித்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கு எதை எப்படிச் சொல்லிக் கொடுத்தால் கைக்கு வரும் என்று படிக்கிறோம் என்று சார் பொறுமையாக விளக்கினார். பங்காளி கேட்டுவிட்டு, “இத்தினி வருஷமா நீ அதுக்குத்தானே சம்பளம் வாங்குறே? தெரியாமயா வாங்குனே?” என்றார். சார் இறங்கும்வரை சிரித்தார். அன்று வகுப்பில் பேராசிரியரிடமே இதைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உங்களுக்கும் நினைவிருக்கும். “தலையாட்டுனா புரிஞ்சிச்சின்னு அர்த்தம் இல்ல மேடம். நாளைக்கு நாம இல்லாதப்ப செய்யறானான்னு பாக்கணும்.” நான் பாடத்திட்டம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால் ஓரத்தில் ‘நாம் இல்லாதபோது?’ என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தருவார். எரிச்சலாக வரும். திருத்தி எழுதிய பிறகு பாடம் நன்றாக இருக்கும் என்பதால் எரிச்சல் இன்னும் கூடும்.

அப்போது கீழவாஞ்சூரில் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. சரக்கு இறக்கும் கான்ட்ராக்டர் ஒருவர், கிரேனுக்குக் கைசைகை காட்ட ஆட்கள் வேண்டும், பயிற்சி கொடுங்கள், தேர்வு வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் நிலையத்துக்கு வந்தார். மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே சரக்கு இருக்கும் இடம் பல சமயம் தெரியாது. கீழே நிற்பவர் கையால் காட்டுவதை நம்பித்தான் தூக்குவதும் இறக்குவதும். கை தப்பினால் ஆள் போய்விடும். பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் கரையோரத்து மீனவக் குடும்பங்கள், மீதிப்பேர் எங்கள் பக்கத்து வயற்காட்டுப் பிள்ளைகள். சாருக்கும் எனக்கும் ஆய்வு தேவைப்பட்ட நேரம் அது. அவர்களையே இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்குக் கணினியில் அசையும் படங்களாகப் பாடம். மற்றக் குழுவுக்குக் கரும்பலகையும் சுவரில் மாட்டிய வரைபடமும். முடிவில் இரண்டு குழுவுக்கும் ஒரே தேர்வு வைத்து எந்த முறை மேல் என்று பார்ப்பது. இதில் ஒரு கட்டாயம் உண்டு. கணினிப் பாடம் மற்றக் குழுவின் காதுக்குப் போகவே கூடாது. போனால் மொத்த ஆய்வும் பாழ். எங்கள் தேர்வு முடிந்ததும் உங்களுக்கும் அந்தப் படங்களைக் காட்டுவோம் என்று கரும்பலகைக் குழுவுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

அசையும் படங்களை சார் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தார். கை காட்டும் பொம்மை மனிதனுக்கு எங்கள் நிலைய முதல்வரின் மீசையை வைத்தார். நிலையத்தில் அத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள், முதல்வரைத் தவிர.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கான்ட்ராக்டர் தன் தேர்வை முன்னால் தள்ளிவிட்டார். எங்கள் ஆய்வுத் தேர்வுக்கு முன்பே அது வந்துவிடும். அப்படியானால் கரும்பலகைக் குழு அந்தப் படங்களைப் பார்க்காமலேயே வேலைத் தேர்வுக்குப் போக வேண்டும். நாங்கள் இருவரும் அன்று மதியம் உட்கார்ந்து பேசினோம். இப்போது கலந்துவிட்டால் இரண்டு பேருடைய படிப்பும் போச்சு, விதியை மீற முடியாது என்று நான் சொன்னேன். அவர் டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, “சரி மேடம். விதின்னா விதிதான்” என்றார். அந்த உறுதியைப் பார்த்து எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

மறுநாளே கரும்பலகைக் குழுவில் இருந்த குணசேகரன், வாஞ்சூர்க் கரையைச் சேர்ந்தவர், கணினி அறை ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது அவருக்கு. சார் என் கண்ணெதிரே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆராய்ச்சி என்றால் விளையாட்டா, இத்தனை பேர் உழைப்பைக் கெடுக்க வந்தாயா என்று கேட்டு, அன்றைக்கு வீட்டுக்கே அனுப்பிவிட்டார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே சார் என்றுகூடச் சொன்னேன்.

கான்ட்ராக்டர் தேர்வில் இரண்டு குழுவிலிருந்தும் ஏறக்குறைய சமமாக ஆட்களை எடுத்தார். பிறகு எங்கள் தேர்விலும் மதிப்பெண்கள் சமம். கணினியும் கரும்பலகையும் ஒன்றுதான் என்று முடிவு வந்தது. எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புத்தானே அம்மா என்று என் ஆய்வு நெறியாளர் சொன்னார். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துப் பட்டமும் வாங்கினேன். சார் மட்டும் தன் ஆய்வேட்டைக் கொடுக்கவே இல்லை. கேட்டால், எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்பார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் பதவி உயர்ந்து அவரைத் தாண்டிப் போனார்கள். சோம்பேறி என்று நான் அவரை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். ஆமாம் மேடம், பிறவிச் சோம்பேறி என்று ஒத்துக்கொள்வார்.

பயிற்சிக்கு அடுத்த அணி வந்தபோது கணினி அறையை முதல்வர் பூட்டிவிட்டார். மின்சாரச் செலவு, பராமரிப்பு என்று காரணம் சொன்னார். கூட்டத்தில் சார் எழுந்து, இந்தப் பாடத்துக்குப் படங்கள் இல்லாமல் முடியாது என்று வாதாடினார். முதல்வர் என் ஆய்வேட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். “மேடத்தோட ஆராய்ச்சியே சொல்லுதே சார், ரெண்டும் ஒண்ணுதான்னு.” சார் திரும்பி என்னைப் பார்த்தார். ஆதாரம் இருக்கும்போது என்ன செய்வது என்று நானும் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அணியில் கான்ட்ராக்டர் எடுத்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை போதாது என்று நான் சாரிடமே சொன்னேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இனி கருமாதியன்று நடந்தது. சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் வேலையில் இருக்கும் குணசேகரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சார் அன்றைக்கு உங்களை அப்படித் திட்டியிருக்கக் கூடாது என்று நான் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அது நீங்க பாக்கணும்னு திட்டுனது மேடம். அன்னிக்குச் சாயங்காலமே வண்டிய எடுத்துக்கிட்டு வாஞ்சூர் வந்துட்டாரு. இனிமே ஜன்னல்ல நிக்காத, அந்தம்மா பாத்துட்டா வேலை கெட்டுடும், ஒங்க குரூப்பு ஆளுங்க அத்தினி பேரையும் கடக்கரைக்குக் கூட்டியான்னாரு. தேர்வு வரைக்கும் தெனம் வந்தாரு. கரையில கெடக்குற படகு மேல ஏறி கிரேன்காரரு மாதிரி உக்காந்துக்குவாரு. நாங்க கீழேருந்து கை காட்டணும். தப்பாக் காட்டுனா, போச்சுடா, இப்ப ஒரு ஆள் நசுங்கிட்டான்னு கத்துவாரு. அவரு இல்லன்னா எங்கள்ல ஒருத்தனுக்கும் வேலை இல்ல மேடம்.”

சாரின் மனைவி சரோஜா இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். “சுகருக்கு நடக்கச் சொன்னாங்கன்னுதானே டீச்சர் அப்ப தெனம் கடக்கரைக்குப் போனாரு. பேண்ட்டெல்லாம் மணலா வருவாரு. நடக்குறவங்களுக்கு இடுப்பு வரைக்குமா மணல் ஒட்டும்னு கேப்பேன்” என்றார். சிரித்தார், பிறகு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

இன்றுவரை அந்தக் கோபத்தை யார் பக்கம் திருப்புவதென்று தெரியவில்லை. கரைப் பயிற்சியால் மதிப்பெண்களைச் சமமாக்கித் தான் கெடுத்த ஆய்வில் தன் பெயரைப் போட மனமில்லாமல் அவர் பட்டத்தை விட்டார். சரி. என்னை மட்டும் ஏன் போடவிட்டார்? கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறை திறந்திருக்கும், அடுத்த அணி தேறியிருக்கும். சொன்னால் என் பட்டம் போகும் என்று வாயை மூடிக்கொண்டாரா? நான் கேட்டேனா அவரை? அல்லது என் வாய்க்குப் பயந்தாரா? நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். அன்று மதியமே என்னிடம் சொல்லியிருந்தால் மாலை பஸ்ஸிலேயே நெறியாளரிடம் போயிருப்பேன். குணசேகரன் குழந்தைக்கு அதனால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்க மாட்டேன். அப்படியென்றால் அவர் செய்தது சரியா? சரி என்றால், வேலை கிடைக்காமல் போன அடுத்த அணிப் பிள்ளைகளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

இன்னொன்றும் குடைகிறது. கரும்பலகைக் குழு கற்றது கரும்பலகையிடமும் இல்லை, கணினியிடமும் இல்லை, படகின்மேல் உட்கார்ந்து கத்திய ஒரு மனிதரிடம். அப்படியானால் எந்த முறை வென்றது? எங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது.

முதல்வரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். கணினி அறை திறந்தாயிற்று. நெறியாளரிடமும் போனில் சொன்னேன். அவர், எழுத்தில் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கே எழுதிவிட்டேன்.

கலியபெருமாள் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் தன் பட்டத்தை விட்டுவிட்டு எனக்குக் காப்பாற்றிக் கொடுத்த இந்தப் பட்டம்தான். இதை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா என்று தெரியவில்லை. இப்படி ஒன்று வந்தால் நான் போய்க் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான்.