தூரமோ

2012ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. ஸ்பிரிங்வேல் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டார்வின் அகதித் தடுப்பு முகாமிலிருந்து தம்பி போன் எடுத்தான். படகில் வந்து ஒன்றரை வருடமாக அடைபட்டுக் கிடந்தவன்.

“அக்கா, சாமானைக் கட்டச் சொல்லிட்டாங்கள். பிளேன் நிக்குதாம்.”

வெளிக்கிடுகிறவனை ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தவ. கேட்டே ஆகவேண்டுமென்றால் ‘தூரமோ’ என்று கேட்கலாம். வாய் தன்பாட்டில் அதைத்தான் கேட்டது.

“தூரமோடா?”

“கனதூரம் இராது எண்டு நினைக்கிறன். போட்டு வாறன் அக்கா.”

டார்வினிலிருந்து ஆட்களை மாற்றினால் மேற்கே டேர்பிப் பக்கத்து முகாமுக்குத்தான் கொண்டுபோவார்கள். அவனோடு ஒன்றாக இருந்த அறைக்காரனையும் அங்கேதான் அனுப்பியிருந்தார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எந்நேரமும் எனக்கு இருந்தது. அங்கே போனால் அவனைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் அப்படியென்றால் அவனுடைய வழக்கைப் பார்க்கிற லோயர் முதலில் சொல்லுவார் என்று நம்பியிருந்தேன்.

வெங்காயக் கையோடு கொம்பியூட்டரில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் அடித்தேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அங்கே நேரமும் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி. ஏறின நேரத்துக்கே கிட்டத்தட்ட இறங்கிவிடுவான்.

“பிளேனை நீர்தான் ஓட்டுறீர் போல,” என்றார் இவர்.

“பகிடியை விட்டிட்டு அரிசியைக் கழுவுங்கோ,” என்றேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த அறைக்காரன் நல்ல பெடியன், தம்பியைப் பார்த்துக்கொள்வான்.

பின்னேரம் வரை அழைப்பு இல்லை. டேர்பி முகாமுக்கு நானே எடுத்தேன். அந்தப் பெயரில் ஒருவரும் வரவில்லை என்றார்கள். கோதாரி விழுந்தவங்கள், பெயரைப் பிழையாக எழுதியிருப்பாங்கள் என்று திட்டிவிட்டு, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அப்போதும் இல்லை. லோயரின் போனை ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுத்தா.

“தம்பியைக் கொழும்பு எயார்போட்டில வச்சு விசாரிக்கினமாம், பிள்ளை. ஆரோ போன் பண்ணிச் சொன்னவை.”

போனோடு கதிரையில் இருந்தேன். கொம்பியூட்டரில் அந்தப் பக்கம் இன்னும் திறந்தபடி கிடந்தது. வரைபடத்தில் டார்வினிலிருந்து டேர்பிக்கு ஒரு சின்னக் கோடு.

“எங்க கொண்டு போறாங்கள் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையோ நீ?” என்று அம்மா கத்தினா.

“தூரமோ எண்டு கேட்டனான் அம்மா.”