அமுக்காமல் விட்ட ஐந்தெழுத்து

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, விழுப்புரத்திலிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சர் ரயிலில் நடந்தது இது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடும் வேலை எனக்கு. தினமும் அந்த ரயிலில்தான் போய் வருவேன்.

ரயில் விழுப்புரத்திலேயே புறப்படுவதால் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். விக்கிரவாண்டியில் மூன்று பேர் ஏறுவார்கள். பேங்கில் வேலை செய்யும் ஒரு மேடம், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் ஒருவர். ஒருநாள் மேடம் நிற்க இடமில்லாமல் தவித்ததைப் பார்த்து, மறுநாள் எதிர் சீட்டில் என் துண்டையும் சாப்பாட்டுப் பையையும் போட்டு வைத்தேன். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

உட்கார்ந்ததும் மேடம் போனை எடுப்பார். அதில் ஒரு ஆங்கில வார்த்தை விளையாட்டு. ஐந்தெழுத்து வார்த்தை ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சையாகும். ஒரு நாளைக்கு ஒரே வார்த்தைதான். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள். நான் பேச மாட்டேன், எட்டி எட்டிப் பார்ப்பேன். ஆங்கில எழுத்துகள் தெரியும், வார்த்தைகள் தெரியாது. ஆனாலும் ஒரு எழுத்து மாறினால் வேறு வார்த்தை ஆகிவிடுகிறதே என்று பார்க்கப் பிடித்திருந்தது. உண்மையில் அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே நான் காலையில் சீக்கிரம் எழுந்த நாட்கள் உண்டு.

வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மூட்டைகளில் குறி போட பையில் ஒரு பேனா. வாயைத் திறக்காத ஆள் வேறு. இதையெல்லாம் பார்த்து என்னை வாத்தியார் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் கோர்ட்டுக்காரர், "இன்னிக்கி ஸ்கூல் லீவு உட்டாங்களே, நீங்க எங்க சார் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கே புரிந்தது. கூச்சத்தில் சிரித்து வைத்தேன். மறுக்க வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் ஆட்டம் சிக்கலில் மாட்டியது. ஐ, ஜி, ஹெச், டி என்று கடைசி நாலு கட்டமும் பச்சை. முதல் எழுத்து மட்டும் கிடைக்கவில்லை. நைட் போட்டார்கள், இல்லை. ரைட் போட்டார்கள், அதுவும் இல்லை. ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. மேடம் பல மாதமாக ஒருநாள்கூடத் தோற்காமல் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டு வந்தவர்.

"லைட்டு தாங்க" என்றார் மேடம்.

"ஃபைட்டு போடுங்க மேடம். ஜல்தி, மயிலம் தாண்டிடுச்சி" என்றார் கோர்ட்டுக்காரர்.

"உங்களுக்கு எப்பவும் சண்டதான். சைட்டுதான் வரும் பாருங்க" என்றது நர்ஸ் பெண்.

"நீ சைட்டுலயே இரு. மூணு பேரு, மூணு தீர்ப்பு. சார் சொல்றதுதான் கடைசி" என்று சொல்லி, கோர்ட்டுக்காரர் போனை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு எழுத்தைத் தொட்டிருந்தால் போதும். விரல் போகவில்லை. மூன்று முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சொல்வதை அவ்வளவு நம்பிக் காத்திருந்தவர்கள் என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் இல்லை. உண்மை தெரிந்தால் இந்தச் சீட்டில் எனக்கு என்ன வேலை என்று பயந்தேன். ஆனாலும் தெரிந்தவன்போல ஒரு எழுத்தை அமுக்க மனம் வரவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அஞ்சாவது வரைக்கும்தான். மண்டில எடை போடறேன்" என்றேன்.

அதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது. போனை மேடத்திடம் நீட்டிவிட்டு, கூட்டத்தில் புகுந்து இறங்கிப் போய்விட்டேன். அன்றைக்கு முழுக்க தராசைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கடைசிப் பெட்டியில் ஏறினேன். விக்கிரவாண்டியில் ரயில் நின்றதும் தலையைக் குனிந்துகொண்டேன். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடிவந்த கோர்ட்டுக்காரர் என்னைப் பிடித்துவிட்டார்.

"யண்ணே! இங்க வந்து ஒளிஞ்சிகினு கீறீங்களா? அங்க நம்ம சீட்ல எவனோ கால நீட்டிக்கினு படுத்துகினு கீறான். ஒரே பேஜாரு" என்று கத்தினார். ரயில் நகர ஆரம்பித்ததால் அவரும் தொற்றி ஏறிக்கொண்டார். அடுத்த ஸ்டேஷன் பேரணியில் என் கையைப் பிடித்து இறக்கினார். இரண்டு பேரும் ஓடி, வழக்கமாக ஏறும் முன் பெட்டிக்கு வந்தோம்.

தலை நிமிராமல்தான் நேற்று என்ன வார்த்தை என்று மேடத்திடம் கேட்டேன்.

"தெரியாதுங்க" என்றார் அவர். "உங்களத்தான கேட்டோம்? நீங்க சொல்லாம நாங்க எப்படிங்க அமுக்கறது? அப்படியே வெச்சிட்டேன். நாள் மாறுனதும் பழசு போயிடுச்சி."

"ஆட்டம் போச்சிண்ணே. மேடம் ரெக்கார்டும் போச்சி. இன்னிக்கி மொதல்லேந்து" என்று சிரித்தார் கோர்ட்டுக்காரர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று முதல் ஒரு புது வழக்கம் வைத்தார்கள். முதல் வார்த்தைக்கு நான் தமிழில் ஏதாவது சொல்ல வேண்டும். அதற்கு ஐந்தெழுத்தில் ஆங்கில வார்த்தையை அவர்கள் தேடுவார்கள். தண்ணீர் என்றேன், வாட்டர் வந்தது. ரொட்டி என்றேன், பிரெட் வந்தது. மல்லாட்டை என்று சொல்லி ஒருநாள் மூன்று பேரையும் திணற அடித்தேன். அப்படி நான் கற்ற வார்த்தைகள் கொஞ்சமில்லை.

மேடம் வேலூருக்கு மாற்றலாகிப் போனார். நர்ஸ் பெண் கல்யாணமாகி பாண்டிச்சேரியில் இருக்கிறது. கோர்ட்டுக்காரர் இப்போது செஞ்சியில். நான் அதே ரயிலில்தான் போகிறேன். விக்கிரவாண்டி வந்தால் இன்னும் பிளாட்பாரத்தைத்தான் பார்க்கிறேன். எனக்கு ஒன்று தெரியாது என்று சொல்ல இப்போது கூசுவதில்லை. அப்படிச் சொன்ன மறுநாளே பெட்டி பெட்டியாக என்னைத் தேடி ஓடிவந்த ஒருவரைப் பார்த்தவன் நான்.